நோட்டில் குறைந்த டீசல்... பையன் மேல் விழுந்த சந்தேகம்!

விருத்தாசலத்திலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அந்தச் செம்மண் கிராமம். அங்கே மூன்று ஏக்கர் வைத்திருக்கும் அந்த விவசாயிக்கு நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதும் பழக்கம் உண்டு. வி.ஆர்.ஐ ரக மல்லாட்டைக்கு எத்தனை கிலோ விதை போனது, மண் அணைக்கும்போது எத்தனை மூட்டை ஜிப்சம் போட்டது, களை எடுக்க எத்தனை ஆள் வந்தது... எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். கடைசிப் பக்கம் காருக்கானது. தேதி, கிலோமீட்டர், டீசல் எத்தனை லிட்டர் என்று மூன்றே வரிசை.

கார் பழையது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஓட்டுவது மகன். காலையில் பக்கத்துத் தோட்டங்களின் கீரை, காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு டவுன் கடைகளுக்குப் போவான். பின் சீட்டில் அம்மாவும், அவரோடு செராமிக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்களும் இருப்பார்கள். சாயங்காலம் போய் அவர்களை அழைத்து வருவான். ஆக, ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, ஒரு மாதத்தில் 15-க்கு இறங்கிவிட்டது.

அப்பா முதலில் வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்தார். புங்கமரத்தடியில் ஒரு சொட்டு டீசல்கூட இல்லை. ஒழுகவில்லை என்றால் டீசல் எங்கே போகும்? அவர் மனசு வேறு பக்கம் போனது. மகனிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால், ராத்திரியில் வண்டிச் சாவியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். பங்க் ரசீதைக் கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டினார்.

மகனுக்குப் புரியாமல் இல்லை. "வண்டி ஓடும்போது டீசல் வாசனை அடிக்குதுப்பா" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். "ஆமாமா, வாசனையா போவுது மூணு லிட்டரு" என்றார் அவர். அன்றிலிருந்து மகன் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டான்.

இதற்கிடையே, காலையில் வண்டி கிளம்ப மறுத்தது. நான்கைந்து முறை ஸ்டார்ட்டரை இழுத்த பிறகுதான் புகையோடு பிடிக்கும். டவுன் ஒர்க் ஷாப் ஒன்றில் காட்டியபோது, "டீசல் பம்பைக் கழற்றி சர்வீஸ் பண்ணணும், பதினஞ்சாயிரம் ஆகும்" என்றார்கள். மல்லாட்டை பிடுங்க இன்னும் இருபது நாள் இருக்கிறது. கையில் காசு இல்லை.

அன்று ராத்திரி அம்மா வாயைத் திறந்தார். "ஏங்க, புள்ளைய சந்தேகப்படறதுக்கு முன்னாடி வண்டிய ஒரு தடவ சந்தேகப்படக் கூடாதா? எங்க கம்பெனில பச்சை மண்ணு சாமான சூளைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கெரசினத் தொட்டுத் தடவுவோம். கண்ணுக்குத் தெரியாத விரிசலு இருந்தா, அது கெரசினக் குடிச்சி கோடா நின்னு காட்டிக் கொடுத்துடும். நல்லா தொடைச்சி காய வெச்சிட்டுப் பாருங்க. ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு அதுவே சொல்லும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளாமலே வேலையில் இறங்கினார்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் துணியால் துடைத்துக் காயவிட்டார்கள். இன்ஜினுக்கு அடியில் இருந்த தகட்டைக் கழற்றியபோதே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. தகட்டில் படிந்திருந்த புழுதியெல்லாம் டீசலில் ஊறிச் சேறாகக் கிடந்தது. ஓடும்போது ஒழுகிய டீசலில் கொஞ்சத்தை இந்தச் சேறு குடித்திருக்கிறது; மீதி ரோட்டில் சிந்தியிருக்கிறது. இன்ஜினை நிறுத்தினால் ஒழுக்கும் நின்றுவிடும். மரத்தடி காய்ந்து கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

டீசல் போகும் பாதை நம் பாசனம் மாதிரிதான். டேங்க் என்பது கிணறு. அங்கிருந்து வரும் டீசல் ஃபில்டரில் வடிகட்டப்பட்டு, பம்பில் அழுத்தம் ஏறி, கம்பிக் குழாய்கள் வழியாக இன்ஜெக்டருக்குப் போகிறது. இன்ஜெக்டரில் மிஞ்சும் கொஞ்சம் டீசல், மெல்லிய ரப்பர் குழாய் வழியாக டேங்குக்கே திரும்பி வரும். அழுத்தம் உள்ள இடத்தில் விரிசல் விட்டால் டீசல் வெளியே வரும். உறிஞ்சும் பக்கத்தில் விரிசல் விட்டால் ஒழுகாது. காற்று உள்ளே போகும். ராத்திரியில் காற்று புகுந்தால் டீசல் பின்வாங்கிவிடும். காலையில் வண்டி கிளம்ப அடம்பிடிக்கும்.

மகன் குழாய் இணைப்புகளின் மேல் சாக்பீஸ் தூளை லேசாகத் தூவினான். ஃபேன் பெல்ட்டிலும் காற்று இழுக்கும் குழாய் அருகிலும் தூள் படாமல் பார்த்துக்கொண்டான். பிறகு ஸ்டார்ட் செய்தான். இரண்டு நிமிடத்தில் கீழே பல இடங்களில் வெள்ளைத் தூள் கருத்தது. "கீழ இருக்கறத விடுடா, ஒசரமான ஈரம் எங்கன்னு பாரு" என்றார் அப்பா. டார்ச் அடித்துப் பார்த்தால், மூன்றாவது இன்ஜெக்டரின் தலையில் மாட்டியிருந்த ரிட்டர்ன் குழாய். மேலே சுற்றியிருந்த நூல் பின்னல் இற்றுப்போய், ரப்பர் வெடித்திருந்தது.

சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் அளப்பதுபோல, இன்ஜினை நிறுத்திவிட்டு அதன் அடியில் ஒரு சின்ன பாட்டிலைக் கட்டினார்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டார்கள். பூச்சிமருந்து அளக்கும் கப்பில் ஊற்றினால் 50 மில்லி. ஒரு மணி நேரத்துக்கு 300 மில்லி. தினமும் இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு 600 மில்லி. மாதத்துக்கு 18 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 1,620 ரூபாய். நோட்டில் துண்டு விழுந்த கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். அப்பா அந்தக் கப்பை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

டீசலுக்கென்றே விற்கும் ரிட்டர்ன் குழாயை, பழைய துண்டைக் காட்டி அதே அளவில் ஒரு மீட்டர் வாங்கினார்கள். செலவு இருநூறு ரூபாய்க்குள். ஒன்று வெடித்தால் அதே வயதுள்ள மற்றவையும் வெடிக்கக் காத்திருக்கும் என்பதால், நான்கு இன்ஜெக்டரின் துண்டுகளையும் மாற்றினார்கள். ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பை, கெட்டிப்படும் வரை அழுத்திக் காற்றை வெளியேற்றினார்கள். மறுநாள் காலை ஒரே இழுப்பில் வண்டி கிளம்பியது.

கிணற்று மேட்டு டீசல் இன்ஜினுக்கும் டிராக்டருக்கும் இதே முறைதான். சோப்பை அப்புவது, டியூபைச் சுற்றுவது எல்லாம் நாலு நாளைக்குத் தாங்காது. தாமிர வாஷரைக் கழற்றினால் புதுசு போடுங்கள். பெட்ரோல்போலச் சட்டெனப் பற்றாவிட்டாலும், சூடான சைலன்சர் குழாயில் டீசல் பட்டால் தீப்பிடிக்கும். ஒழுகும் டீசல் இன்ஜினைத் தாங்கும் ரப்பரையும் பெல்ட்டையும் ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

ஒன்றை மறக்கவே கூடாது. இன்ஜின் ஓடும்போது பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் கம்பிக் குழாயைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அங்கே பீய்ச்சும் டீசல் ஊசிபோலத் தோலுக்குள் இறங்கிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகிவிடும். அப்படிப் பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டைக் காட்டினால் போதும். காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். அவற்றின் கம்பிக் குழாய்களில் நாமே கைவைக்க வேண்டாம்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பா மகனைக் கூப்பிடவில்லை. தன் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டை வைத்தார். அதன் ஓரத்தில் வண்டிச் சாவியும், அந்த நோட்டும், பேனாவும் இருந்தன. மகன் வந்து உட்கார்ந்தான். இப்போது கடைசிப் பக்கத்தில் இருப்பது மகனின் கையெழுத்து. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறான்.