நாலு புத்தகமும் ஒரு பை கடலைமிட்டாயும்

"சமீபத்துல என்ன புத்தகம் படிச்சீங்க?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிட்டால் நம்மில் பலருக்கு வியர்த்துவிடுகிறது. ஏதோ இன்கம்டாக்ஸ் ஆபீஸர் கேட்கிற மாதிரி! 'எங்க ஸார் டயம் இருக்கு' என்று சிலர் நழுவுவார்கள். சிலர் காலேஜ் நாளில் படித்த 'பொன்னியின் செல்வ'னையே இருபது வருஷமாக 'சமீபத்தில்' வைத்திருப்பார்கள்.

அடியேன் பி.காம். கணக்குப் படித்த தோஷம், என் புத்தகங்களுக்கு ஒரு பேரேடே வைத்திருக்கிறேன். எது எப்போது வந்தது, யாருக்கு இரவல் போனது, எந்தத் தேதியில் திரும்ப வர வேண்டும் எல்லாம் அதில் உண்டு. 'வாராக்கடன்' என்று தனிப் பக்கமும் உண்டு. அந்தப் பக்கத்தில் பெண்டாட்டி வழி உறவினர்கள் பெயர்தான் அதிகம் என்பதால், குடும்ப நலன் கருதி அதை யார் கண்ணிலும் காட்டுவதில்லை.

அந்தப் பேரேட்டின்படி நான் சமீபத்தில் படித்தவை நாலு. கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு', கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', பூமணியின் 'வெக்கை', சோ. தர்மனின் 'சூல்'.

எழுதி முடித்ததும் சட்டென்று ஒன்று உறைத்தது. நாலு பேரும் ஒரே வட்டாரம்! கோவில்பட்டியில் காம்பஸ் முள்ளை ஊன்றி ஒரு சின்ன வட்டம் போட்டால் நாலு பேரும் அதற்குள் அடக்கம். நாலு பேருக்கும் சாகித்ய அகாடமி பரிசு வேறு. அழகிரிசாமிக்கு 1970, கி.ரா.வுக்கு 1991, பூமணிக்கு 2014, தர்மனுக்கு 2019. தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த ஊர் அல்லவா, பற்ற வைக்கத் தெரிந்திருக்கிறது!

கோவில்பட்டி என் மாமனார் ஊர். கல்யாணமாகி எட்டு வருஷமாக, வருஷத்துக்கு ஒரு தடவை போய் இரண்டு நாள் விருந்து சாப்பிட்டு, கடலைமிட்டாய்ப் பார்சலோடு திரும்பி வருவது வழக்கம். (2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் ஸார். மரியாதையாகச் சாப்பிட வேண்டும்.) இந்தக் கோடையில் போனபோது துணிமணிகளுக்கு நடுவே நாலு புத்தகங்களையும் வைத்துக்கொண்டேன். 'மாமியார் வீட்டுக்குப் பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி வர்றீங்களே' என்றாள் மனைவி.

ஊர் சுற்றிக் காட்ட மச்சினன் கிடைத்தான். டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பிளஸ் டூவுக்கு அப்புறம் அவன் கை பட்ட ஒரே புத்தகம் வண்டி ஆர்.சி. புக்தான். பைக்கை உதைத்துக்கொண்டே, "எங்க அத்தான் போகணும்? கழுகுமலையா, எட்டயபுரமா?" என்றான்.

இரண்டும் பார்க்க வேண்டியவைதான். கழுகுமலையில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்த வெட்டுவான் கோயில் இருக்கிறது. 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும், 1947-ல் திறந்த மணிமண்டபமும், முத்துஸ்வாமி தீட்சிதர் சமாதியும் இருக்கின்றன. "அதெல்லாம் அப்புறம். முதல்ல இடைசெவல்" என்றேன்.

"இடைசெவலா? அங்க என்ன அத்தான் இருக்கு?"

* * *

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற நாலு வழிச் சாலையில் நாலாட்டின்புதூரைத் தாண்டினால் இடைசெவல். பஸ்காரர்கள் வேகத்தைக் குறைக்காமல் போகிற ஊர். இரண்டு பக்கமும் கரிசல் மண் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கை விட்டால் முழங்கை வரை போகும் போலிருந்தது.

இந்த ஊரில் 1923-ம் வருஷம் செப்டம்பர் மாசம் ஒரு வார இடைவெளியில் இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. ஒன்று சம்சாரி வீட்டுப் பிள்ளை, இன்னொன்று ஆசாரி வீட்டுப் பிள்ளை. முதல் பிள்ளை கி.ரா. எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்கு. 'மழைக்காகத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினேன், அப்பவும் மழையைத்தான் பார்த்தேன்' என்கிற அர்த்தத்தில் தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். அந்த மனுஷரைத்தான் பாண்டிச்சேரியில் யுனிவர்சிடியே கூப்பிட்டு நாட்டுப்புறக் கதை சொல்லித் தரச் சொன்னது! இரண்டாவது பிள்ளை அழகிரிசாமி. சென்னைக்கும் மலேசியாவுக்கும் பத்திரிகை வேலைக்குப் போனவர். 46 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அகாடமி பரிசு வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இந்த இரண்டு சிநேகிதர்களையும் சேர்த்துக் கட்டியது எது என்று பார்த்தால் பாட்டும் புத்தகமும்தான். விளாத்திகுளம் சுவாமிகள் பாட்டென்றால் இரண்டு பேருக்கும் உயிர். ஒருத்தர் படித்ததை இன்னொருத்தரிடம் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். ஊரை விட்டுப் போன அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதின கடிதங்கள் தனிப் புத்தகமாகவே வந்திருக்கின்றன. 'சமீபத்துல என்ன படிச்சே?' என்ற கேள்விக்கு வாழ்நாள் முழுக்க பதில் சொல்லிக்கொண்டிருந்த சிநேகம் அது.

டீக்கடையில் உட்கார்ந்தோம். என் கையில் 'கோபல்ல கிராம'த்தைப் பார்த்த ஒரு பெரியவர், "நைனா புத்தகமா தம்பி?" என்றார். கி.ரா. இந்தப் பக்கத்தில் நைனாதான். 2021-ல் பாண்டிச்சேரியில் காலமானவரை இந்த ஊருக்குத்தான் கொண்டுவந்து அரசு மரியாதையோடு தகனம் செய்தார்கள்.

"எங்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. இரவல் வாங்கிட்டுப் போனவுக திருப்பித் தரல."

எனக்குள் இருந்த கணக்குப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தான். "கேக்கலையாய்யா?"

"எதுக்கு? எங்கயோ இருந்து யாரோ படிச்சிக்கிட்டிருக்காகன்னு இருக்கட்டுமே. பரண்ல கிடந்தா கரையான்ல படிக்கும்!"

வடக்கேயிருந்து ஓடி வந்து, காட்டைத் திருத்தி, ஊரை உண்டாக்கின ஜனங்களின் கதை 'கோபல்ல கிராமம்'. 1976-ல் வந்த நாவல். அதில் 137 வயசு மங்கத்தாயாரு அம்மாள் வருகிறாள். அவள் வாயைத் திறந்தால் ஊர்ச் சரித்திரம். டீக்கடைப் பெரியவரைப் பார்த்ததும், அந்தப் பாட்டியை கி.ரா. எங்கும் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை என்று புரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்து காதைத் திறந்து வைத்தால் போதும்.

திரும்பும் வழியில் மச்சினன், "அந்தப் பச்சை அட்டைப் புக்கு என்ன அத்தான்?" என்றான்.

"வெக்கை. 1982-ல வந்தது. 'அசுரன்' படம் இதுலேர்ந்துதான்."

பைக் ஒரு குலுங்கு குலுங்கியது. "அசுரனா? அத நான் நாலு தடவ பாத்திருக்கேனே! அது நம்ம ஊருக்காரர் கதையா?"

"ஆமாம்ப்பா. சினிமாவுல சண்டை நிறைய. புத்தகத்துல பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தனைக் கொன்னுட்டு அப்பாவோட காட்டுல ஒளிஞ்சு திரியறான். ரெண்டு பேரும் சமைச்சுச் சாப்பிட்டு, பேசிக்கிட்டே போறாங்க. அவ்வளவுதான் கதை."

கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினான். அப்புறம், "நானும் எங்கப்பாவும் பேசுறது 'பெட்ரோல் போட்டியா', 'போட்டுட்டேன்' அம்புட்டுதான் அத்தான்" என்றான்.

* * *

என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியது மூணே வாக்கியம். 'வாங்க மாப்ளே', 'சாப்பிட்டாச்சா', 'ரயிலு எத்தனை மணிக்கு'. அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடுதல் கிடையாது. கிராமத்தில் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் வைத்திருந்தவர். அதை விற்றுவிட்டு டவுனுக்கு வந்து, ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்ந்தவர். இப்போது கண்ணில் புரை. பேப்பர் படிப்பதும் நின்றுவிட்டது. திண்ணையும் அவரும்தான்.

மறுநாள் மச்சினன் என்னை அந்தக் கிராமத்துக்குக் கூட்டிப் போனான். 'இதுதான் அத்தான் கண்மாய்' என்று காட்டினான். கரை தெரிந்தது. உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் ஆடு மேய்ந்தது.

"வத்திப்போச்சு. வித்துட்டாரு. அதப்பத்தி வீட்ல யாரும் பேசமாட்டோம்" என்றான்.

கையில் இருந்தது 'சூல்'. 2016-ல் வந்த தடிமனான நாவல். எட்டயபுரம் ஜமீன் காலத்திலிருந்து உருளைகுடி என்கிற ஒரு ஊரின் கண்மாய்தான் அதன் கதாநாயகன். தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்ச ஒரு நீர்பாய்ச்சி. கோடையில் ஊரே கூடிக் கரம்பை அள்ளினால் வயலுக்கு உரமும் ஆச்சு, கண்மாயில் தூரும் எடுத்தாச்சு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். குடிமராமத்து என்று பெயர். எல்லோருடைய வேலையாக இருந்த வரை கண்மாய் நிறைந்தது. 'சர்க்கார் பார்த்துக்கும்' என்று ஆனபிறகு மண் மேடிட்டது. வரவு செலவு படித்த எனக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. (கிராமத்துக் கதைகளுக்கு உதவுவதில் கரண்ட் கட்டுக்கு இணை கிடையாது.) திண்ணையில் செல்போன் வெளிச்சத்தில் 'சூலை'ப் புரட்டிக்கொண்டிருந்தேன். மச்சினன் பக்கத்தில் வந்து, "வாசிங்க அத்தான், கேப்போம்" என்றான். கரம்பை அள்ளுகிற இடமாகப் பார்த்து வாசித்தேன். மாமனார் தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு பக்கம் போயிருக்கும்.

"எங்க ஊர்ல அப்படி இல்ல மாப்ளே" என்று குரல் வந்தது.

நிறுத்தினேன். என் வாழ்க்கையில் அவரிடமிருந்து கேட்ட நாலாவது வாக்கியம்!

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. எந்த மடையை முதலில் திறப்பார்கள், மறுகால் பாய்கிற அன்றைக்கு ஊரே எப்படிக் கலுங்குப் பக்கம் ஓடும், கரையில் விரிசல் கண்டால் ராத்திரியோடு ராத்திரியாக யார் யார் மண்வெட்டி தூக்கி வருவார்கள்... கை இருட்டில் கண்மாயை வரைந்து காட்டியது. மாமியார் அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். "கலுங்குன்னா என்னப்பா?" என்று மச்சினன் கேட்க, தண்ணீர் நிறைந்தால் வழிந்து போகிற இடம் என்று பொறுமையாக விளக்கினார். கரிசல் சொற்களுக்காக கி.ரா. 1982-ல் ஒரு அகராதியே போட்டார். அதற்கு ஏன் அவ்வளவு பாடுபட்டார் என்று அந்தத் திண்ணையில் எனக்கு விளங்கியது. மகனுக்கே தெரியாத சொற்களை அப்பா மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்.

வயலை விற்ற கதையையும் அவரே சொன்னார். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் நாற்று கருகியது. மகள் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அந்த மகள்தான் என் மனைவி.

"இம்புட்டு நாளா ஏம்ப்பா இதெல்லாம் சொல்லல?" என்றான் மச்சினன்.

"யாரு கேட்டீக?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னமோ செய்தது.

கரண்ட் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

* * *

கிளம்புவதற்கு முன்னால் கோவில்பட்டியில் 2022-ல் திறந்த கி.ரா. நினைவரங்கத்துக்குப் போனோம். மச்சினன் அவர் படத்தின் முன்னால் நின்று, "நம்ம பெரியப்பா மாதிரில்லா இருக்காரு" என்றான். கி.ரா. கேட்டிருந்தால் அகாடமி பரிசைவிடச் சந்தோஷப்பட்டிருப்பார்.

'அன்பளிப்பு' தொகுப்பை ரயிலில் இன்னொரு தடவை படித்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் புத்தகம் கொடுக்கிற ஒருவர், புதுவருஷ டைரி தரும்போது சாரங்கன் என்கிற பையனை மட்டும் கணக்கில் சேர்க்க விட்டுவிடுகிற கதை. கடைசியில் அந்தப் பையன் ஒரு டைரியைத் தானே கொண்டுவந்து நீட்டி, அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். புத்தகம் பெரிசில்லை ஸார், நம்மையும் ஒரு ஆளாக நினைத்துக் கொடுத்தார்களா என்பதுதான் பெரிசு.

'சூலை' மாமனார் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். தினம் ராத்திரி கடை மூடியதும் மச்சினன் பத்துப் பக்கம் வாசித்துக் காட்டுகிறானாம். பேரேட்டில் எழுதியாச்சு. திரும்ப வர வேண்டிய தேதி: தீபாவளி.

போன வாரம் மாமனாரே போன் செய்தார். வழக்கமாக மாமியார்தான் பேசுவார்.

"மாப்ளே, அந்தப் புத்தகம் முடிஞ்சது. அடுத்த தெருவுல எங்க ஊர்க்காரர் ஒருத்தர் கேட்டாரு, குடுத்துட்டேன். அவரு மகளூருக்குக் கொண்டு போறாராம். தப்பில்லையே?"

"தப்பே இல்ல மாமா."

"சரி. அடுத்து என்ன வச்சிருக்கீக?"

'வெக்கை'யைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். வாராக்கடன் பக்கத்தில் இடம் இல்லை. புது நோட்டுதான் வாங்க வேண்டும்.