சூடு இறங்காத தப்பு

“ஏந் தாயி, இது யாரு கையி?”

சின்னய்யா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். எங்கள் கலைக்குழுவின் எட்டுப் பாட்டும் கலவை முடிந்து வந்திருந்த நாள். தோழர்கள் எல்லாருக்கும் ஒரே சந்தோசம். தப்புச் சத்தம் இடி மாதிரி விழுந்தது. சினிமாப் பாட்டுக்குக் கொஞ்சமும் குறையவில்லை என்று பேசிக்கொண்டார்கள். சின்னய்யா மட்டும் மூன்றாவது பாட்டைத் திரும்பப் போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார்.

“உங்க கைதான் சின்னய்யா. அன்னிக்கு ஸ்டூடியோவுல அடிச்சீங்கள்ல, அதான்.”

“எங்கை மாதிரிதான் இருக்கு. ஆனா பாட்டு ஆறு நிமிசம் ஓடுது. சூடு எறங்கவே இல்லையே தாயி.”

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். தொல்காப்பியம் கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சொல்வதைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். பறையின் சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்று எந்தப் பேராசிரியரும் என்னைக் கேட்டதில்லை.

தப்படித்தவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி இணைத்து வட்டமாக்கி, மாட்டுக் கன்றின் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயவைத்தால் தப்பு. தோலை இறுக்க அதில் திருகாணி கிடையாது. நெருப்புதான். வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, தோலைக் காட்டி, தட்டிப் பார்த்து, மறுபடியும் காட்டணும். ஈரம் போய்த் தோல் விறைத்ததும் கணீரென்று பேசும். அடிக்க அடிக்கச் சூடு ஆறும். குரல் இறங்கி, தொளதொளத்துப் போகும். அதனால்தான் தப்படிக்கிற இடத்தில் ஓரமாக ஒரு தீ எரிந்துகொண்டே இருக்கும். ஒருத்தர் அடிக்க, ஒருத்தர் காய்ச்சுவார். சின்னய்யா காதுக்கு இந்த ஏற்ற இறக்கம் சேர்ந்ததுதான் தப்பு. ஆறு நிமிசம் ஒரே சூட்டில் நிற்கிற தப்பை அவர் தன் ஆயுசில் கேட்டதில்லை.

பதிவு நடந்தது சென்னையில் ஒரு சின்ன ஸ்டூடியோவில். மணிக்கணக்குக்கு வாடகை. ஊர் ஊராக உண்டியல் குலுக்கிச் சேர்த்த காசு. உள்ளே ஏ.சி. அறை, நெருப்புக் கூடாது என்றார்கள். அது நியாயம்தான், சுவரெல்லாம் பஞ்சும் துணியும். அரை மணிக்கு ஒருதரம் தப்பைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து பழைய பேப்பரைக் கொளுத்திக் காய்ச்சினோம். மூன்றாவது தடவை எதிர்வீட்டு அம்மா கேட்டுக்கு வந்து நின்றார்.

“யார் வீட்லங்க சாவு?”

“சாவு இல்லம்மா, பாட்டு” என்றார் சின்னய்யா.

அந்த அம்மா நம்பின மாதிரித் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஸ்டூடியோக்காரர் வந்து, அக்கம்பக்கத்தில் சங்கடப்படுகிறார்கள், இனித் தெருவில் காய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தலைமுடி காயவைக்கிற மிஷினைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தச் சூடு தோலுக்குப் பத்தவில்லை. கடைசி நாலு பாட்டும் ஆறிப்போன தப்பில்தான் பதிவானது. தப்பு என்றாலே சாவு என்று ஒரு தெருவின் மூளையில் ஏறிக் கிடக்கிற சாதி, அன்றைக்கு எங்கள் தோலின் சுருதியை இறக்கிவிட்டது.

பிறகு நடந்ததைக் கலவை செய்த தம்பியே சொன்னான். அவனைக் குற்றவாளியாக்கி எழுதுவது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. தொளதொளத்த சத்தத்தைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறான். ஒருவர் அடித்த ஒற்றை அடியைத் தனியாகப் பதிந்து வைத்துக்கொள்வதற்குச் சாம்பிள் என்று பேர். 1980-ல் வந்த லின் எல்.எம்-1 என்ற மேளப் பெட்டியில் உண்மையான டிரம் அடிகளை அப்படித்தான் அடைத்து வைத்திருந்தார்கள். இன்றைக்கு இந்தச் சாம்பிள்களைக் கட்டுக் கட்டாக விலைக்கு வாங்கலாம். பதிவான தப்பில் எங்கெல்லாம் அடி விழுகிறது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். அந்தந்த இடத்தில் வாங்கின அடியை வைத்துவிடும். நிஜ அடியும் சாம்பிள் அடியும் சேர்ந்து ஒன்றாகக் கேட்கும். எது எவ்வளவு என்பது கலக்குகிறவர் கையில்.

“எங்க பாட்டுல எவ்வளவு தம்பி?”

“சாம்பிள் எண்பது இருக்கும்க்கா. நம்ம அய்யா அடிச்சது இருபது.”

“அந்த எண்பத அடிச்சது யாரு?”

அவன் திரையைக் காட்டினான். ஃபைல் பேரில் தப்பு என்று இருந்தது. பக்கத்தில் ஒரு நம்பர் இருந்தது. அடித்தவர் பேர் இல்லை. சின்னய்யா கேட்டது சரியான கேள்விதான். எங்கேயோ ஓர் ஊரில் இன்னொரு சின்னய்யா ஒரு பகல் முழுக்க ஒற்றை ஒற்றையாக அடித்துக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பார். அவர் கை எங்கள் பாட்டில் கேட்கிறது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

கறுப்பு இலக்கியத்தைத் தலித் இதழ்கள் தொடக்கத்திலிருந்தே தமிழுக்குக் கொண்டுவந்தன. கறுப்பு மேளக்காரர்களைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசவில்லை. 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு ‘ஆமென், பிரதர்’ என்ற பாட்டைப் பதிந்தது. அதில் கிரிகரி கோல்மன் என்ற கறுப்பர் தனியாக டிரம் அடிக்கிற இடம் ஏழு விநாடிதான் இருக்கும். சாம்பிள் எடுக்கும் கருவிகள் பரவிய 1980-களில் இருந்து, அந்த ஏழு விநாடியை வெட்டியெடுத்து ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஒட்டினார்கள். இங்கிலாந்தில் ஜங்கிள் என்ற இசை வகையே அதன்மேல்தான் எழும்பியது. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை. 2006-ல் வறுமையிலேயே செத்துப்போனார். அதே 1969-ல் பதிவான ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டுக்கு அடித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். அந்த அடியையும் உலகம் வெட்டி வெட்டித் தின்றது. பாட்டின் பேரிலேயே டிரம்மர் இருக்கிறார். பாட்டை எழுதியவர் என்ற இடத்தில் ஜேம்ஸ் பிரவுன் பேர் மட்டும்தான். ஸ்டபிள்ஃபீல்ட் 2017-ல் இறந்தார்.

நாங்கள் கலவையைத் திரும்பச் செய்யச் சொன்னோம். தம்பி மறுக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து எனக்குச் சொல்லியும் கொடுத்தான். எழுத்து படித்தவளுக்கு அது வேறொரு இலக்கணம்.

இரண்டு அடியைச் சேர்த்தால் சத்தம் கூடும் என்றுதான் நினைத்திருந்தேன். சில சமயம் குறையும். நூறு ஹெர்ட்ஸ் அதிர்வு ஒருதரம் ஏறி இறங்க 10 மில்லி விநாடி ஆகும். நிஜ அடிக்கு 5 மில்லி விநாடி தள்ளிச் சாம்பிள் விழுந்தால், இது ஏறும்போது அது இறங்கும். ஒன்றையொன்று தின்றுவிடும். தப்பின் வயிற்றுச் சத்தம் காணாமல் போய், குச்சிச் சத்தம் மட்டும் தகரம் மாதிரிக் கேட்கும். இரண்டு அலையையும் திரையில் பெரிதாக்கி, தலைக்கு நேர் தலை வைக்கணும். அப்போதுதான் வயிறு திரும்பி வரும்.

அடுத்தது தாளம். சாம்பிளை வைக்கும்போதே அடிகளையெல்லாம் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கியிருந்தான். சின்னய்யா வலது கையில் அடிகுச்சி, இடது கையில் மெல்லிசான நீளக் குச்சி. அந்த இடது குச்சி ஒரு முடியளவு தாமதமாகத்தான் விழும். ஆடுகிறவன் கால் தரையில் பாவுவதற்கு அந்த முடியளவுதான் இடம். கட்டத்தின் கணக்கில் அது பிழை. எங்கள் ஆட்டத்தின் கணக்கில் அதுதான் அடவு. தப்பைத் திருத்திவிட்டேன் என்று தம்பி முதலில் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வலியும் வந்தது.

மூன்றாவது சூடு. விலைக்கு வாங்கின சாம்பிள் ஒரே சூட்டில் உறைந்தது. அதற்கு ஒரு வழியைத் தம்பிதான் சொன்னான். “அய்யா கையிலேயே சாம்பிள் எடுத்துருவோம்க்கா.” மைக்குகளைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்தான். சேரிக்குப் பின்னால் களத்தில் வைக்கோல் கொளுத்தினோம். நன்றாகக் காய்ந்த சூட்டில் முப்பது அடி, நடுச் சூட்டில் முப்பது, ஆறினதில் முப்பது. மெல்ல, ஓங்கி, ஓரத்தில், நடுவில். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வைத்தால் மிஷின் துப்பாக்கி மாதிரிக் கேட்குமாம், அதனால்தான் இத்தனை. பிறகு சின்னய்யா அடித்ததை எண்பதாக வைத்து, ஆறிப்போன இடங்களில் மட்டும் அவர் கையையே அவர் கைக்கு முட்டுக் கொடுத்தோம். ஆறுகிற இடத்தில் சாம்பிளையும் ஆறவிட்டோம். கட்டத்தை அழித்தோம்.

மூன்றாவது பாட்டு நாலாவது நிமிசத்தைத் தாண்டியபோது சின்னய்யா முகம் மலர்ந்தது. “இந்தா எறங்குது பாரு.”

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கிளம்புகிற நேரத்தில் தம்பி கேட்டான்: “அய்யாவோட தொண்ணூறு அடியும் எங்கிட்ட இருக்கட்டும்க்கா. வேற பாட்டுக்கும் ஆகும். அவருக்கு ஏதாவது வாங்கித் தர்றேன்.”

நல்ல மனசோடுதான் கேட்டான். சின்னய்யா ரொம்ப நேரம் பேசவில்லை.

அவர் மவுனத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1991-ல் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் பல சேரிகளில் இளைஞர்கள், ஊர்க்காரர் சாவுக்கு இனி அடிக்க மாட்டோம் என்றார்கள். எங்கள் சேரியும் சொன்னது. முதலில் குச்சியைக் கீழே போட்டது சின்னய்யா. ஊருக்குள் ஒரு பெரிய தலை விழுந்தபோது ஆள் மேல் ஆள் வந்து கூப்பிட்டார்கள். போகவில்லை. மறுநாளிலிருந்து எங்களுக்குக் காட்டு வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது, வாய்க்கால் பாதை கிடையாது. எங்கய்யா பிழைப்புத் தேடித் திருப்பூர் போனது அந்த வருசம்தான். தப்பு பரணில் கிடந்தது. அது இழிவு, கொளுத்திப் போடு என்று ஒரு கட்சி. அது ஆயுதம், எடுத்து அடி என்று ஒரு கட்சி. வருசக்கணக்கில் வாதாடின பிறகுதான் இயக்க மேடைக்குத் தப்பு இறங்கி வந்தது. எங்கே அடிப்பது, எங்கே அடிக்க மாட்டேன் என்பதைத் தானே முடிவு செய்கிற கைதான் மேடையில் குச்சியைப் பிடித்தது.

சின்னய்யா கடைசியில் பேசினார்.

“கூப்புட்ட எடத்துக்கெல்லாம் போக மாட்டேன்னுதானப்பா பட்டினி கெடந்தோம். இப்ப நான் வீட்ல இருப்பேன், எங்கை மட்டும் எவன் வீட்டு வாசல்ல வேணாலும் போயி அடிக்குமா?”

தம்பிக்குப் புரிந்தது. எனக்கு உடம்பே அதிர்ந்தது. சாதிப் பெருமை பாடுகிற பாட்டுக்கும் இன்று தப்புச் சத்தம் வேண்டியிருக்கிறது. எங்களை வெட்டினவனைச் சிங்கம் என்று புகழ்கிற பாட்டுக்கு, எங்கள் சின்னய்யா கையையே அடியில் வைத்துக் கலக்கலாம். சாம்பிளுக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் இல்லை. எங்கள் சேரி அத்தனை பட்டினி கிடந்து வாங்கின ஒரே சொல் அது. அதை ஒரு ஃபைலாக மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியுமா?

நிகழ்த்துகிற கலைஞருக்கும் உரிமை உண்டு என்று 1994-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தன் பேரைக் குறிக்கச் சொல்லும் உரிமையை 2012 திருத்தம் கொடுத்தது. ஆனால் சட்டம் தானாக ஸ்டூடியோவுக்குள் நடந்து வராது. நாம்தான் கேட்கணும். பறையைப் பதிவு செய்யப் போகிற தோழர்களுக்குச் சொல்கிறேன்: கலவை நடக்கும்போது அடித்தவர் அங்கே உட்கார்ந்திருக்கட்டும். சாம்பிள் சேர்க்கிறார்கள் என்றால் யார் கை என்று கேளுங்கள். ஒற்றை அடியாகப் பதிந்து கொடுத்தால், அது எந்தப் பாட்டுக்கு என்று எழுதி வாங்குங்கள். அட்டையில் முதலில் மேளக்காரர் பேரைப் போடுங்கள். கலப்பதை நான் எதிர்க்கவில்லை. யார் கையை, யாரைக் கேட்டு, எதோடு கலக்கிறார்கள் என்று கேட்கத்தான் சொல்கிறேன்.

தம்பி தன்னிடமிருந்த தொண்ணூறு அடியையும் எங்கள் கண் முன்னால் அழித்தான். ஒரு பிரதி எங்கள் குழுவிடம் இருக்கிறது, சின்னய்யா வீட்டு டிரங்குப் பெட்டியில், அவர் குச்சிகளோடு. புறப்படும்போது அவன் தோளில் கை வைத்து அவர் சொன்னார்:

“பாட்டு இருந்தாச் சொல்லி விடு தம்பி. என்ன பாட்டுன்னும் சொல்லு. புடிச்சா நானே வந்து அடிக்கிறேன்.”