இரண்டாவது கணக்கு

2025 பிப்ரவரியில் வீட்டுக்கடனுக்காகக் காகிதங்கள் தேடியபோது, பல மாதம் கழித்து பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தேன். வரிக்கு உட்பட்ட தொகை என்று தனியாக ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக.

அப்பா குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவர். கடைசி இரண்டு வருடம் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்கள்; ஆனால் கட்டவில்லை. சம்பளச் சீட்டுகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு அவர் அலைந்த அலைச்சலைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். எனக்கு வேலை கிடைத்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: "பி.எஃப்.ல முடிஞ்ச வரைக்கும் போடு. தொடாத."

போட்டேன். 2021 ஏப்ரலிலிருந்து இரண்டு வருடம், விருப்பப் பங்களிப்பையும் சேர்த்து மாதம் 40,000. 80சி-யில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கழிவு கிடையாது என்பது தெரியும். தெரியாதது, அதே 2021 ஏப்ரலில் வந்த விதி: நம் பங்கு வருடத்துக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பணத்தின் வட்டிக்கு வருடாவருடம் வரி. கைக்கே வராத வட்டிக்கு! முதல் வருட வட்டி 3,712 ரூபாய்தான். ஐந்தாயிரத்தைத் தாண்டாததால் டி.டி.எஸ்.கூட இல்லை. அடுத்த வருடம் 22,000 சொச்சம். மூன்றாம் வருடம் கூடுதலாகப் போடுவதை நிறுத்தியிருந்தேன். ஆனாலும் சேர்ந்திருந்த பணம் 40,000 ஈன்றிருந்தது. மூன்று முறையும் ஃபார்ம் 16-ஐ மட்டும் பார்த்து ரிட்டர்ன் போட்டிருக்கிறேன். அப்பா 'தொடாத' என்றதை நான் 'பாக்காத' என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

நியூஜெர்சியில் இருக்கும் கல்லூரித் தோழனிடம் சொன்னேன். அவன் கதை நேரெதிர். ஐ.ஆர்.ஏ.வில் வரிக்கழிவு இல்லாத பணம் போட்டுவிட்டு, 8606 படிவத்தைப் பல வருடம் தாக்கல் செய்யவில்லை. வரி கட்டிய பணம் என்பதற்குப் பதிவு இல்லையென்றால், எடுக்கும்போது மறுபடியும் வரி. பழைய படிவங்களை ஒவ்வொன்றாக நிரப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். விட்டுப்போன ஒரு படிவத்துக்கு அபராதம் 50 டாலர். "நீ கட்டாம விட்ட, நான் ரெண்டு தரம் கட்டப் பாத்தேன்" என்றான்.

இங்கே வழி ஐ.டி.ஆர்.-யு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஒரு வருடத்துக்குள் போட்டால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதல். இரண்டாம் வருடத்தில் என்றால் 50. என் முதல் வருடத்துக்கு மார்ச் 31 கெடு. கெடுவை நான்கு வருடமாக்குவதாக அந்த பட்ஜெட்டில்தான் சொல்லியிருந்தார்கள், ஆனால் மூன்றாம் வருடத்துக்கு 60 சதவீதம். காத்திருந்து என்ன லாபம்? 'வருமானம் சரியாகக் காட்டப்படவில்லை' என்ற காரணத்தை மூன்று முறை தேர்ந்தெடுத்தேன். மூன்றாவது முறையும் கூசத்தான் செய்தது.

மொத்தம் இருபதாயிரத்துச் சொச்சம். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்து அப்பாவிடம் காட்டினேன்.

"கேட்டாங்களா?"

"இல்லப்பா."

"பின்ன ஏண்டா?"

நான் பதில் சொல்வதற்குள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தார். மாதவாரியாக வட்டியையும் போட்டுப் பார்த்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். "சரியாத்தான் இருக்கு" என்று எழுந்து, பீரோவில் அந்தப் பழைய பிளாஸ்டிக் கவரைத் தேடினார்.