யானை இல்லாத அருவி

ஷில்லாங் வரும் பயணிகள் எலிஃபென்ட் அருவியில் யானையைத் தேடுகிறார்கள். யானை போன்ற பாறை ஒன்று இருந்தது வாஸ்தவம். 1897 பூகம்பத்தில் அது நொறுங்கிப்போக, வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் மட்டும் மிச்சம். காஸி பழங்குடியினருக்கு அது மூன்று படி அருவி. படிகள் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன.

வார்ட்ஸ் ஏரியில் படகு, கரையில் பூச்செடிகள், புகைப்படம் - எந்த மலைவாசஸ்தலத்திலும் கிடைப்பவைதான். கிடைக்காதது சுமார் 25 கி.மீ. தள்ளி, மாவ்ஃப்லாங்கில் இருக்கிறது. சுற்றிலும் வெறும் புல்வெளி. நடுவே அடர்ந்த புனிதக் காடு. அங்கிருந்து ஓர் இலையைக்கூட வெளியே கொண்டுவரக் கூடாது. மீறினால் காவல் தெய்வம் லபாசா சும்மா விடாது என்பது நம்பிக்கை. மூடநம்பிக்கை என்று சிரிக்கலாம். ஆனால் மரங்கள் நிற்கின்றன.

வெளியேறும் இடத்தில் சிரித்தவர்களும் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள். மகனின் கையிலிருந்த சருகைப் பிடுங்கி உள்ளே எறிகிறார் ஒரு தாய்.