கரடி உருவும் சொந்த உருவும்

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழன் ஒரு நாளில் எத்தனை உருவம் எடுக்கிறான் என்பதை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பஜார் ரோட்டுச் சுக்குக் கடையில் மலையாளம், குஜராத்தி வணிகரோடு இந்தி, வங்கியில் ஆங்கிலம். வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் தமிழ். ஆதலால், உருமாறும் வித்தையையே தொழிலாகக் கொண்ட ஒரு விளையாட்டில் நம் பேரன் நம்மைச் சேர்த்துவிட்டபோது, அது முற்றிலும் புதிய தொழிலாக நமக்குத் தோன்றவில்லை.

பேரன் டொராண்டோவில் இருக்கிறான். அப்போது அவனுக்கு வயது பதினான்கு. 2020-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்கு அவன் இங்கு வருவதாக இருந்தது. கொரோனா நோய் வழியை மறித்தது. தொலைபேசியில் "ஹலோ தாத்தா" என்பான். அதற்குமேல் அவனிடம் தமிழும் இல்லை, நம்மிடம் அவனுக்கு உவந்த பேச்சும் இல்லை. இதைக் கண்டு வருந்திய நம் மகள்தான், "அவன் விளையாடும் இடத்துக்கே நீங்கள் போய்விடுங்கள், அப்பா" என்று யோசனை சொன்னாள். அந்த இடம் 'வேர்ல்டு ஆஃப் வார்க்ராஃப்ட்'. 2004-ஆம் ஆண்டு நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட இணைய விளையாட்டு அது. அதன் பழைய வடிவத்தை 2019-இல் 'கிளாசிக்' என்ற பெயரில் மீண்டும் திறந்திருந்தார்கள். அங்கே சனிக்கிழமை காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை. விளக்கேற்றி முடித்ததும் நாம் கணிப்பொறியின் முன் அமர்வோம். "இந்த வயதில் கரடி வேடம் ஒன்றுதான் குறைவாயிருந்தது" என்பது இல்லத்தரசியின் அபிப்பிராயம்.

பேரன் போர்வீரன். நமக்கு அவன் தேர்ந்து கொடுத்தது 'ட்ரூயிட்' என்னும் வகுப்பு. ட்ரூயிட் என்பது பண்டைக் காலத்தில் காலியா, பிரிட்டன் முதலிய நாடுகளில் வாழ்ந்த கெல்ட்டிய மக்களின் குருமார்க்குரிய பெயர். உயிர் ஓர் உடலை விட்டு மற்றோர் உடலுக்குச் செல்லும் என்று அவர்கள் போதித்ததாக ஜூலியஸ் சீசர் எழுதி வைத்திருக்கிறார். விளையாட்டில் ட்ரூயிட் உயிரோடிருக்கும்போதே உடல் மாறுகிறான். பத்தாம் படியில் நிலவொளித் திடல் ஒன்றுக்குச் சென்று, பெருங்கரடி ஆவியைக் கண்டு, அது ஏவும் சோதனையில் தேறினால் கரடி உருவம் கிட்டும். பதினாறில் நீருள் நீந்தும் கடற்சிங்கம், இருபதில் பூனை, முப்பதில் விரைந்தோடும் சிறுத்தை. கரடிக்கு அடிபட அடிபடச் சினம் பெருகும். அச்சினமே அதன் ஆயுதம். பூனை பதுங்கிச் சென்று பாயும். ஆயினும், அடி தாங்குவதில் போர்வீரனுக்கும் மறைந்து தாக்குவதில் கள்வனுக்கும் ட்ரூயிட் ஒரு மாற்றுக் குறைவுதான். நான்கு மொழி பேசும் நம்மவர்க்கு இக்குறை விளங்காமற் போகாது.

கேரளத்தில் ஒடியன் கதை கேளாதார் இலர். பாலக்காட்டுப் பக்கத்தில் இரவில் எருதாகவும் நாயாகவும் மாறி வருவான் ஒடியன். ஆனால் எடுத்த உருவில் ஏதேனும் ஓர் உறுப்புக் குறைந்திருக்கும், அதைக்கொண்டு அவனைக் கண்டறியலாம் என்பார்கள். நாம் அறுபது ஆண்டுகளாக மலையாளம் பேசுகிறோம். இன்றும் ஆட்டோக்காரர், "தமிழ்நாட்டில் எவிடெயா?" என்று கேட்டுவிடுகிறார். எங்கோ ஒரு வால் குறைகிறது போலும்!

பழைய வடிவத்தில் நம்மைக் கவர்ந்த விதி ஒன்றுண்டு. விலங்குருவில் இருக்கும்போது ஊர்க் கடைக்காரனோடு பேச இயலாது. காயத்துக்கு மருந்திட இயலாது. மந்திரம் சொல்லவும் இயலாது. எல்லாவற்றுக்கும் சொந்த உருவுக்குத் திரும்ப வேண்டும். திரும்புவதற்குச் செலவில்லை, மறுபடி விலங்காவதற்குத்தான் மந்திர வலிமை செலவாகும்.

ஒரு சனிக்கிழமை, 'டெட்மைன்ஸ்' என்னும் சுரங்கத்துள் ஐவராகப் புகுந்தோம். மற்ற மூவர் யாரென்று அறியோம். உள்ளே கொள்ளையர் கூட்டம் சூழ்ந்துகொண்டது. பேரன் வீழ்ந்தான். நாம் கரடியாக நின்று, கைக்கு வந்த விசையையெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தோம். போர் நடந்துகொண்டிருக்கும்போதே வீழ்ந்தவனை எழுப்பும் மந்திரம் ட்ரூயிட்டுக்கு உண்டு. அரை மணிக்கு ஒருமுறைதான் அது பலிக்கும். தொலைபேசி பக்கத்தில் திறந்திருந்தது. வழக்கமாக ஆங்கிலத்திலேயே ஆணையிடும் பையன், பதற்றத்தில் தமிழில் கத்தினான்:

"தாத்தா, கரடி வேண்டாம்! நீங்களா வாங்க! நீங்களா வாங்க, தாத்தா!"

கணிப்பொறியில் என்ன நடந்தது என்பதைச் சற்று நேரம் நாம் கவனிக்கவில்லை. அந்தத் தமிழ் அவனுள் எங்கே இருந்தது? அவன் தாய் பேசியதைக் கேட்டுக் கேட்டு, பதில் சொல்லாமல், பதினான்கு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தான் போலும். பிறகு சொந்த உருவுக்கு வந்து மந்திரத்தைச் சொன்னோம். அதற்கு ஒரு விதை வேண்டும். அந்தப் படியில் அது மேப்பிள் மரத்தின் விதை. மேப்பிள் இலை பேரன் வாழும் நாட்டின் கொடியில் இருப்பது. மட்டாஞ்சேரியில் அம்மரத்தை நாம் கண்டதில்லை. புதிய பதிப்பில் விதை தேவையில்லையாம். நமக்குப் பழையதே போதும்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் விளையாட்டு முடிந்ததும் ஒரு கதை கேட்பது வழக்கமாயிற்று. கூடுவிட்டுக் கூடு பாய்ந்த திருமூலர் கதையைச் சேக்கிழார் சொன்ன வழியில் சொன்னோம். கயிலையிலிருந்து பொதிகைக்குப் புறப்பட்ட யோகியார் காவிரிக்கரையில் சாத்தனூர் இடையன் மூலன் இறந்து கிடப்பதையும் பசுக்கள் கதறுவதையும் கண்டார். தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடலுள் புகுந்தார். மாடுகளை ஊர் சேர்த்துவிட்டுத் திரும்பினால் பழைய உடலைக் காணவில்லை. பிறகு அந்த இரவல் உடலிலிருந்தே திருமந்திரத்தைத் தமிழில் பாடினார்.

பேரன் வெகுநேரம் பேசவில்லை. "அப்போ அவருக்குச் சொந்த உருவம் திரும்பி வரவே இல்லையா?" என்றான். இல்லை என்றோம். "ஆனா தமிழ் வந்துச்சா?"

"வந்தது" என்றோம்.

"மாடுங்களுக்கு அது வேற ஆள்னு தெரியுமா, தாத்தா?"

எழுந்து நின்ற மூலனைக் கண்டு பசுக்கள் துயர் நீங்கி மேய்ந்தன என்றும், மாலையில் ஐயுற்றவள் வீட்டுக்காரி ஒருத்தியே என்றும் சொன்னோம். அடுத்த அறையிலிருந்து இல்லத்தரசி சிரித்தாள். முப்பதாம் படிக்கு மேல் மேப்பிள் விதை செல்லாது, வேறு விதை வாங்க வேண்டும் என்று பேரன் நினைவூட்டினான்.