பிரசரும் எமது பீங்கானும்

படுவான்கரைக் கிராமங்களில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் என் கதிரையைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பார்கள். காணி உறுதி, பிள்ளையின் படிப்பு என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் பிரசரில் வந்து முடியும். "யோசனை கூடிப் போச்சு பிள்ளை, அதுதான் பிரசர்" என்பார்கள். 2007 வரை போருக்குள் வாழ்ந்து, பின்னர் நுண்கடனுக்குள் மாட்டிக்கொண்ட பெண்களுக்கு யோசிக்கக் காரணம் குறைவில்லை. ஆயினும் எல்லாவற்றையும் யோசனையின் தலையில் போட்டால் சமையலறையில் நடப்பது கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும்.

எமது வீடுகளில் பெண் கடைசியாகத்தான் சாப்பிடுகிறாள். மீன்துண்டு கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். அவளுக்கு மிஞ்சுவது பீங்கான் நிறையச் சோறு, சட்டியின் அடிக்குழம்பு, ஒரு துண்டு கருவாடு. பின்னேரம் சீனி கூடிய தேநீர். "எண்ணெய்ச் சாப்பாடே நான் தொடுறதில்லை, எனக்கெப்படி வயிறு வைக்கும்?" என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி.

தேவைக்கு மேலான மாச்சத்தையும் சீனியையும் ஈரல் கொழுப்பமிலங்களாக மாற்றுகிறது. அவற்றில் ஒரு பங்கு வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேர்கிறது. அது சும்மா கிடக்கும் மூட்டையல்ல. அங்கிருந்து வெளியேறும் கொழுப்பமிலங்கள் நேரே ஈரலுக்குப் போகின்றன. இன்சுலின் சொல்வதை உடல் கேட்பது குறைய, அதை ஈடுசெய்ய இன்சுலின் இன்னும் கூடுதலாகச் சுரக்கிறது. கூடிய இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கிவைக்கிறது. போதாததற்கு, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஓமோனுக்கான மூலப்பொருளையும் கொழுப்புக் கலங்கள் உண்டாக்குகின்றன. இதன் மேல்தான் கருவாட்டு உப்பும் வந்து சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சொல்வது 5 கிராமுக்கும் குறைவான உப்பு. மட்டமாக ஒரு தேக்கரண்டி கூட இல்லை.

நான் படித்தது மருத்துவம் அல்ல, சமூகவியல். அதனால் என் கண் அகப்பை யார் கையில் என்பதிலேயே நிற்கிறது. சாளை, சூடை போன்ற மலிவான மீன்களில் ஒமேகா-3 என்னும் நல்ல கொழுப்பமிலம் உண்டு. இரத்தக் குழாய்கள் இளகுவதற்கு அது துணை செய்யும். அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கவும் கூடும். வீட்டுக்குள் வரும் அந்த மீன் பிரசர்க்காரியின் பீங்கானுக்கு மட்டும் வருவதில்லை. கேள்வி கேட்ட அக்கா இப்போது பரிமாறுமுன் தனக்கும் ஒரு துண்டு எடுத்து மூடிவைக்கிறார். சோற்றையும் ஓர் அகப்பை குறைத்திருக்கிறார். மாமியார் முகத்தைச் சுளித்தாராம். சுளிக்கட்டும்.

மீன் குளிசைக்குப் பதிலாகாது. பிரசர் பெரும்பாலும் தலைசுற்றோ வலியோ காட்டாது. சுகமாக இருக்கிறதென்று குளிசையை நிறுத்தியவர்களைப் பின்னர் பாரிசவாதத்துடன் பார்த்திருக்கிறேன். 1996இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதான பெண்களுக்கு இலவசமாகப் பிரசர் பார்க்கிறார்கள். 140க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ காட்டினால் வைத்தியர் மறுபடியும் அளந்து பார்ப்பார். அளவைக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை போகும்போது அதையும் கொண்டுபோங்கள்.