சோடா உடைக்காத பாட்டில்

அவிநாசி ரோட்டுப் பக்கம் 'ரெட்ரோ' ஸ்டைலில் ரெஸ்டாரன்ட் திறந்தால் மேஜையில் ஒரு கோலி சோடா பாட்டில் நிற்கும். உள்ளே சீரியல் லைட், இல்லாட்டி ஒரு மணி பிளான்ட். பார்க்க அழகுதானுங்க, ஆனா எனக்குப் பிடிக்கலை.

அந்தக் கழுத்தை அழகுக்காக நெரிக்கலை. 1872-ல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய டிசைன். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து சோடாவை ஏற்றுவார்கள். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியைத் தள்ளி ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். தனியாக மூடி கிடையாது. சாய்த்துக் குடிக்கையில் கோலி வாயை அடைக்காமல் பிடித்து வைக்கத்தான் கழுத்தில் அந்தப் பள்ளம். நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் இதை ஏன் காட்டுவதில்லையோ!

2017 மார்ச்சில் வணிகர் சங்கங்கள் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்றபோது அன்னூரில் சோடா போடும் எங்க மாமாவுக்கு ஆர்டர் குவிந்தது. பாட்டில்தான் பத்தலை. "சோடா விலையை விட பாட்டில் விலை ஜாஸ்தி கண்ணு. அது திரும்பி வந்தாத்தான் அடுத்த சோடா" என்பார். ஷோவுக்கு நிற்கும் பாட்டில் எதுவும் அவருக்குத் திரும்புவதில்லை.

பீளமேட்டில் ஒரு சின்னக் கடையில் மட்டும் மேஜைக்கே வந்து சோடா உடைக்கிறார்கள். அந்த 'டப்' சத்தத்துக்கு நாலு மேஜை திரும்பிப் பார்க்குது. காலி பாட்டில்கள் சாயங்காலமே பெட்டியில் ஏறிவிடுகின்றன.